ஆன்ட்டி வைத்த காளான் சூப்பு

சர்க்கரைப் பாகில் போட்ட காளானை மூன்றாவது கரண்டிக்கு மேல் சிவராஜால் விழுங்க முடியவில்லை. கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் மெதுவாகத் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். அதற்குள் மனைவி அம்சவேணி வந்துவிட்டாள்.

"இன்னாங்க, நல்லா இல்லியா?"

"நல்லா இல்லாம இன்னா? நல்லாத்தான் இருக்குது."

"அப்போ எதுக்கு அது கட்டிலுக்குக் கீழ போவுது?"

சிவராஜ் கிண்ணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ராஜாஜி மார்க்கெட்டில் வாங்கிய பட்டன் காளான்கள் பாகுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு மிதந்தன.

"ஆன்ட்டி வைக்கறது வேற மாதிரி இருக்கும் வேணி" என்றார் தயங்கித் தயங்கி. "அந்தக் காளான் பூ மாதிரி இருக்கும். இது பொத்தான் மாதிரி இருக்குது."

"காளான்னு சொன்னீங்க. வெள்ளைன்னு சொன்னீங்க. இனிப்பா இருக்கும்னு சொன்னீங்க. மூணும் இதுல இருக்குது."

"இருக்குது. இல்லன்னு நான் சொல்லல" என்றார் சிவராஜ். பிறகு இருமல் வந்துவிட்டது. வந்தால் லேசில் போகாத இருமல். அது முடியும்வரை அம்சவேணி அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். கையில் எலும்பு தட்டுப்பட்டது.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் அது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, காய்ச்சல் போய்விட்டது. இருமலும் வாய்க்கசப்பும் மட்டும் வீட்டோடு வந்துவிட்டன. டாக்டர் மார்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒண்ணும் இல்ல, நல்லா சாப்பிடட்டும், தானா சரியாயிடும்" என்றார். அந்த "நல்லா சாப்பிடட்டும்" என்பதுதான் நடக்கவில்லை. மிளகு ரசம், அரிசிக் கஞ்சி, குடலை இட்லி, தூதுவளைத் துவையல் எல்லாம் இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. மூன்று வாரத்தில் சட்டைக் காலரில் இரண்டு விரல் இடம் விழுந்துவிட்டது.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை சிவராஜுக்கு. கரையைக் காட்டவேண்டும், முந்தானையைக் காட்டவேண்டும், இரண்டுக்கும் நடுவில் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். கல்யாணப் புடவையை இருமிக்கொண்டே விரித்தால் பெண் வீட்டார் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் முதலாளியே, "நல்லா தேறி வாப்பா, அவசரமில்ல" என்று சொல்லியிருந்தார். அவசரமில்லை என்று அவர் சொன்ன விதத்தில்தான் அவசரம் இருந்தது.

இந்த நிலைமையில்தான் முந்தின நாள் காலை, மழையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த சிவராஜ் வாய் திறந்தார்.

"இந்த மாதிரி இருமலுக்கு ஆன்ட்டி ஒரு சூப்பு குடுப்பாங்க வேணி. வெள்ளைக் காளான்ல வைப்பாங்க. தொண்டையில எறங்கறதே தெரியாது. அது மட்டும் இப்போ கிடைச்சா..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் அவர் வாயில் பசி மாதிரி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.

ஆன்ட்டியை அம்சவேணிக்கு நன்றாகத் தெரியும். பார்த்ததில்லை, கேட்டிருக்கிறாள். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் பதினோரு வருஷம் வெல்டராக இருந்துவிட்டுச் சிவராஜ் திரும்பி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இந்த ஒன்பது வருஷத்தில் பிள்ளையார்பாளையத்தில் மழை பெய்த நாளெல்லாம் ஆன்ட்டியும் சேர்ந்து வந்தாள். அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே அந்தச் சீனக் கிழவியின் சாப்பாட்டுக் கடை: நாலு மேசை, சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு மூலையில் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் டேபிள் ஃபேன். ஞாயிற்றுக்கிழமை நனைந்துகொண்டு போய் உட்கார்ந்தால், துண்டைத் தூக்கி எறிவாளாம். கையைக் கிள்ளிப் பார்த்து, "இளைச்சிட்டே" என்று மலாயில் திட்டுவாளாம். சொல்லும்போதே சிவராஜின் கண் எங்கோ போய்விடும். காஞ்சிபுரத்து மழையைப் பார்த்துக்கொண்டே வேறொரு ஊர் மழையைப் பார்ப்பார்.

அம்சவேணிக்குப் பொறாமை என்று சொல்லமுடியாது. ஆன்ட்டிக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. ஆனால் அந்தப் பதினோரு வருஷம் அவளிடம் வேறு மாதிரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். இடுப்பில் குழந்தை அனு, காதில் போன், நடுவில் கரகரவென்று சத்தம். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன். நீங்க?" "நல்லா இருக்கேன்." அதற்குள் அவருடைய போன் கார்டில் காசு தீர்ந்துவிடும். அவர் எந்த மேசையில் உட்கார்ந்து எதைச் சாப்பிட்டார் என்று அவள் பார்த்ததே இல்லை.

அதனால்தான் பட்டன் காளானைக் கொட்டிவிட்டு வந்த கையோடு, "நான் வைக்கறேன். அதே சூப்பு, அதே மாதிரி வைக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் மகள் அனு, கம்பெனி பஸ்ஸில் இருந்தபடியே போனில் தேடி ஆர்டர் போட்டாள்.

"டிரை மஷ்ரூம்மா. சைனீஸ் சூப்புக்குன்னே போட்டிருக்கான். ரேட்டிங் சூப்பரா இருக்குது."

"வெள்ளையாடி?"

"போட்டோல கொஞ்சம் டார்க்கா தெரியுது. ஊற வச்சா வெள்ளையாயிடும்மா."

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. உள்ளே கரிந்துபோன காகிதத் துண்டுகள் மாதிரி ஏதோ இருந்தது. அம்சவேணி அதைத் தண்ணீரில் போட்டு மூடிவைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தாள். பட்டுப் புடவை முந்தானைகளுக்குக் குஞ்சம் முடிந்து கொடுப்பது அவள் தொழில். அன்றைக்கு ஆறு புடவை கொடுக்கவேண்டும்.

பக்கத்து வீட்டு நீலாம்பாள் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். நீலாம்பாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடுத்த வீட்டு அடுப்படியில் மூடியிருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்க்காமல் அவளால் கறிவேப்பிலை கிள்ள முடியாது.

மூடி கீழே விழுந்த சத்தம் கேட்டது. பின்னாலேயே நீலாம்பாள் கத்தினாள்.

"அடியே அம்சா! இன்னாடி இது? காது!"

"இன்னாக்கா?"

"குண்டான் நெறைய காதுடி! கிருத்திகையும் அதுவுமா!"

அம்சவேணி ஓடிப்போய்ப் பார்த்தாள். அது ஊறி வெள்ளையாகவில்லை. கன்னங்கரேலென்று மடிந்து, மடலும் குழியுமாக, அச்சு அசல் காதாகத்தான் விரிந்திருந்தது. சிலவற்றில் சின்ன ரோமம்கூட இருந்தது.

"காளான்தாங்க்கா. மரத்துல மொளைக்கற காளான்."

"எந்த மரத்துலடி காது மொளைக்குது?" நீலாம்பாள் கறிவேப்பிலையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்தது. சிவராஜ் வீட்டில் இருமலுக்கு எருமைக் காது வேகவைக்கிறார்கள். பால்காரர் சொம்பை வாசலில் நின்றே வாங்கி, வாசலில் நின்றே கொடுத்தார். குஞ்சத்துக்குப் புடவை கொடுத்திருந்த இரண்டு பேர், அந்தப் புடவைகள் அடுப்படிப் பக்கம் போகவில்லைதானே என்று கேட்டார்கள்.

அம்சவேணி சிவராஜிடம் காது சூப்பைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கச் சொன்னாள். அவரும் மூடிக்கொண்டார்.

"இது கறுப்பு வேணி. இத்த அவங்க நூடுல்ஸ்ல போடுவாங்க. சர்க்கர போட மாட்டாங்க" என்றார் கண்ணைத் திறக்காமலே.

மறுநாள் நீலாம்பாளைச் சமாதானப்படுத்தவேண்டியிருந்தது. அவள் வாயை அடைத்தால்தான் தெரு வாய் அடையும். வாசலில் நின்றவளை அம்சவேணி கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, வேலையையும் விடாமல், நிதானமாகச் சொன்னாள்.

"அது மருந்துக்கா. சிங்கப்பூர்ல அவருக்கு இருமல் வந்தப்போ ஆன்ட்டி குடுத்தது. அந்த மருந்தத்தான் தேடிக்கினு இருக்கோம்."

"ஆண்டியா?" நீலாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எந்த ஆண்டி? பழனியில இருக்கறாங்களே, அந்த மாதிரியா?"

அந்த நேரத்தில் அம்சவேணி பட்டு நூலைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "ம்ம்" என்றுதான் சொல்ல முடிந்தது.

"அதானே பாத்தேன்! சிங்கப்பூர்லயும் முருகன் இருக்கறாரே, ஆண்டி இல்லாம போவாங்களா?" என்று நீலாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். எருமைக் காது அன்றைக்கே தெருவை விட்டுப் போய்விட்டது. அதனால் அம்சவேணி அந்த "ம்ம்" பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

சாயங்காலம் தேவேந்திரனுக்குப் போன் போட்டாள். சிவராஜோடு அங்கே ஒரே அறையில் இருந்தவன்; ஓரிக்கைக்காரன்; இன்னும் அங்கேதான் லாரி ஓட்டுகிறான்.

"நீங்க வாங்கனது கறுப்புக் காளான் அண்ணி. இது வேற. மச்சான் வரதராஜன் வியாழக்கிழம ஊருக்கு வர்றான். அவன்கிட்ட குடுத்து அனுப்பறேன்."

"எப்படி வைக்கணும்பா?"

"ஊற வையுங்க. கற்கண்டு போட்டு வேக வையுங்க. செகப்பா ஒரு காய்ஞ்ச பழம் போடுவாங்க, நம்ப இலந்தப்பழம் மாதிரி. அவ்ளோதான்."

"அந்த ஆன்ட்டிகிட்டயே கேட்டுச் சொல்லேன்."

"அவங்க கடைய மகள்கிட்ட விட்டுட்டாங்க அண்ணி. நான் பாத்தே ரெண்டு வருஷம் ஆயிடுச்சி. இது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, நீங்களே வைக்கலாம்."

அடுத்த சனிக்கிழமை அம்சவேணி பஸ் ஏறி ஓரிக்கைக்குப் போய் வரதராஜனிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு வந்தாள். ஆறு பாக்கெட். உள்ளே வெளிர்மஞ்சளாக, வேகவைக்காத பட்டு நூலைக் கசக்கி உருட்டிவைத்த மாதிரி உருண்டைகள். கையில் எடுத்தால் கனமே இல்லை. இவ்வளவு லேசாக இருப்பதில் ஒரு மனுஷனுக்கு என்ன சத்து இருக்கும் என்று நினைத்து, நாலு பாக்கெட்டைப் பிரித்துக் குண்டானில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள்.

அரை மணி நேரத்தில் குண்டானின் மூடி எழுந்து நின்றது.

பாதியைத் தவலைக்கு மாற்றினாள். தவலை நிறைந்தது. அன்னக்கூடையை எடுத்தாள். அதுவும் நிறைந்தது. குண்டானைத் திரும்பிப் பார்த்தால், எடுத்ததே தெரியாமல் அதுவும் நிறைந்திருந்தது. கடைசியில் குளியலறை பக்கெட்டைத் தேய்த்துக் கழுவி எடுத்துவரவேண்டியதாயிற்று.

"அனு! இங்க வாடி! இது வளந்துக்கினே இருக்குது!"

அனு வந்து பார்த்துவிட்டு வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டுச் சிவராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அடுப்படி வாசலில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். எல்லாப் பாத்திரத்திலும் வெள்ளை வெளேரென்று, கண்ணாடி மாதிரி, இதழ் இதழாக மலர்ந்து கிடந்தது. குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். விரல் வழியே தண்ணீர் சொட்டியது.

"இதான்" என்றார். "இதேதான் வேணி. மழ பெஞ்சா, கடைக்குப் பின்னால வாளியில ஊறிக்கினு இருக்கும். நான்தான் காம்பு கிள்ளிக் குடுப்பேன். இந்த மஞ்சளா இருக்குதில்ல, அத்த எடுத்துடணும். சரியா எடுக்கலன்னா கைமேலயே அடிப்பாங்க."

சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து காம்பு கிள்ள ஆரம்பித்துவிட்டார். ஒரு மாதமாகக் கட்டிலைவிட்டு எழாத மனுஷன். அம்சவேணியும் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். மஞ்சளை அவள் சரியாக எடுக்கவில்லை. அவர் விளையாட்டாக அவள் கைமேல் ஒன்று போட்டார். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து பாவு நூல் சிக்கெடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் இப்படித்தான், அவர் பேசிக்கொண்டே இருப்பார், அவள் நூலைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்ப்பாள்.

அந்த நேரத்தில் வாசலில் நீலாம்பாள் குரல் கேட்டது.

"அம்சா! ஆண்டி மருந்து வந்துடுச்சாமே!"

தனியாக வரவில்லை. பின்னால் ஏழெட்டு பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூக்கோ டம்ளரோ இருந்தது.

"எனக்கு முட்டிக்குக் கொஞ்சூண்டு போதும்மா."

"என் மருமகளுக்கு முடி கொட்டுது. தலைக்குத் தடவறதா, உள்ளுக்குக் குடிக்கறதா?"

"எந்தக் கெழமையில ஆரம்பிக்கணும்?"

"பச்சையா கட்டிக் கழுத்துல போட்டுக்கலாமா?"

சிவராஜ் தரையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "இன்னா ஆண்டி? ஆண்டி இல்லீங்க! ஆன்ட்டி! பொம்பள! சூப்புக் கட..." அதற்குமேல் இருமல் விடவில்லை.

நீலாம்பாள் கையைக் கூப்பினாள். "பாத்தீங்களா? பேரச் சொன்னதுமே தொண்டைய அடைக்குது. பேசாதீங்க தம்பி. வந்திருக்கறது யாருன்னு எங்களுக்குத் தெரியும்."

"நீலாக்கா, நான் சொல்றத கேளுங்க" என்றாள் அம்சவேணி. "இது வெறும் காளான். அங்க எல்லாரும் சாப்பிடறது."

"நீ அப்படித்தான் சொல்லணும். மருந்தோட மகிமைய சொன்னா பலிக்காது."

மருந்து என்று நினைத்துக் கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்ல அம்சவேணிக்கு வாய் வரவில்லை. குளிக்கப் பக்கெட்டும் காலியாகவேண்டியிருந்தது. அள்ளி அள்ளிக் கொடுத்தாள். "வேக வச்சித்தான் சாப்பிடணும்" என்பதை மட்டும் எல்லோரிடமும் இரண்டு தடவை சொன்னாள். செய்தி அடுத்த தெருவுக்கும் போய், அங்கிருந்தும் வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் குண்டானின் அடியில் இரண்டு கைப்பிடிதான் மிச்சம்.

அதை அடுப்பில் ஏற்றினாள். கற்கண்டு போட்டாள். சிவப்புப் பழத்துக்கு என்ன செய்வது என்று நிற்கும்போது நீலாம்பாள் திரும்பி வந்தாள். சும்மா வாங்கிப்போக மனசில்லாமல் கையில் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள்.

"இலந்தப்பழம்னு சொன்னியாமே? அனு சொல்லிச்சி. இந்தா, எங்க வூட்ல இருந்தது" என்று, அம்சவேணி திரும்புவதற்குள் தானே பிய்த்துக் கொதிக்கிற பாத்திரத்தில் போட்டாள்.

அது இலந்தை வடை. இலந்தைப் பழத்தோடு மிளகாய், புளி, உப்பு, பெருங்காயம் எல்லாம் வைத்து இடித்துக் காயவைத்தது.

சிவராஜ் ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை அது பழைய ஞாபகத்தில் வந்தது இல்லை.

மிச்சமிருந்தது இரண்டு பாக்கெட். ஞாயிற்றுக்கிழமை காலை, வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு, அம்சவேணி இரண்டே இரண்டு உருண்டையை எடுத்து ஊறவைத்தாள். அனு போனில் தேடி, இது பத்து நிமிஷத்தில் வேகிற சமாச்சாரம் இல்லை, சின்னத் தீயில் இரண்டு மணி நேரம் கிடக்கவேண்டும் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அம்சவேணி அடுப்பை விட்டு நகரவில்லை. கற்கண்டைக் கரைத்தாள். இரண்டு பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிப் போட்டாள். கரண்டியை விட்டு எடுத்தால் மெல்லிய நூலாக இறங்கும்வரை கிளறினாள். அவளுக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அனுவும் பக்கத்தில் வந்து நின்றாள்.

சிவராஜ் குடித்தார். நிறுத்தினார். மறுபடியும் குடித்தார். பாதி டம்ளர் காலியாயிற்று.

"அதே காளான். அதே வழவழப்பு. இனிப்பும் அதேதான்" என்றார்.

"ம்?"

"எல்லாம் சரியாத்தான் வந்திருக்குது வேணி. ஏதோ ஒண்ணு மட்டும் கொறையுது. இன்னான்னு சொல்லத் தெரியல."

அனு, "அப்பா!" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்சவேணி கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷம் நீங்க அங்க எங்க படுத்தீங்க, இன்னா சாப்பிட்டீங்க, ஒண்ணும் நான் பாக்கல. உடம்பு சரியில்லன்னாகூட வந்த பொறகுதான் சொன்னீங்க. யாரோ ஒரு அம்மா பாத்துக்கினாங்க, நல்லா இருக்கட்டும். அந்த ஒரு சூப்பாவது என் கையால வந்துட்டா, நானும் அங்க இருந்த மாதிரி இருக்கும்னு பாத்தேன். அதுவும் வரல."

"இதுவே போதும். நான் குடிக்கறேன் குடு" என்று சிவராஜ் டம்ளருக்குக் கையை நீட்டினார்.

"வேணாம். போதும்னு குடிக்க வேணாம்" என்று அவள் டம்ளரை நகர்த்தி வைத்தாள். "அனு, தேவேந்திரனுக்குப் போன் போடு. இன்னிக்கு ஞாயித்துக்கிழம, லீவுதான். அந்த ஆன்ட்டி எங்க இருக்காங்களோ அங்கயே போயி உக்காரச் சொல்லு. அவங்க வாயாலயே கேட்டு எழுதிக்கறேன். எது கொறையுதுன்னு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

"எதுக்கு வேணி அவங்கள போயி... வயசானவங்க" என்று சிவராஜ் இழுத்தார்.

"நானும் வயசானவதான்."

மூன்று மணிக்குத் தேவேந்திரன் வீடியோவில் வந்தான். ஒரு சின்ன ஃபிளாட்டின் கூடம். அவன் பக்கத்தில் நாற்காலியில் ஒரு கிழவி. கட்டையாக வெட்டிய வெள்ளை முடி, பூப்போட்ட சட்டை, முகம் முழுக்கச் சுருக்கம்.

"சிவா!" என்று அவள் போட்ட கத்தலில் கட்டிலில் கிடந்த சிவராஜ் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஆன்ட்டி!" என்று இரண்டு கையையும் கூப்பினார். அவள் போன் திரையையே கிள்ளுகிற மாதிரி விரலை நீட்டி ஏதோ திட்டினாள்.

"இளைச்சிட்டியேன்னு திட்டறாங்க" என்றான் தேவேந்திரன்.

அம்சவேணி காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தாள். சிவராஜின் தோளுக்குப் பக்கத்தில் தன் முகத்தையும் கொண்டுவந்தாள். "வணக்கம்மா" என்றாள்.

கிழவி பேச்சை நிறுத்தினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்கு வெகு பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"வேனி?" என்றாள். "வேனி?"

"என் பேரு இவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"எனக்கும் தெரியல அண்ணி, இருங்க" என்றான் தேவேந்திரன். "இன்னா கேக்கணும், சொல்லுங்க."

"அந்தக் காளான் சூப்பு. எவ்ளோ தண்ணி, எவ்ளோ நேரம், வேற இன்னா போடணும். ஒண்ணு விடாம அளவோட சொல்லச் சொல்லு. நான் எழுதிக்கறேன்."

தேவேந்திரன் மலாயும் இங்கிலீஷும் கலந்து கேட்டான். கிழவி கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பழைய நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சமையல் நோட்டு வச்சிருக்காங்க பாரு" என்று அம்சவேணி அனுவிடம் சொன்னாள். "இப்படித்தான் இருக்கணும்."

கிழவி நோட்டைத் திறந்தாள். ஆனால் எதையும் படிக்கவில்லை. சிவராஜைக் காட்டிக் காட்டி, அவரைப் போலவே உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டி, நெடுநேரம் பேசினாள். தேவேந்திரன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒரு தடவை சிவராஜைப் பார்த்தான். ஒரு தடவை அம்சவேணியைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டான்.

"இன்னாப்பா சொல்றாங்க?" அம்சவேணி பேனாவைத் தாளில் வைத்தாள்.

"அண்ணி, நீங்க பேனாவ மூடிடுங்க, எழுதிக்கப்போறது அவங்கதானாம்: அண்ணன் வந்த புதுசுல, உடம்பு சரியில்லன்னா எங்க வேணி வைக்கற ஜவ்வரிசிக் கஞ்சிதான் வேணும்னு அழுதுக்கினு படுத்துட்டாராம், அவரு வாயால சொல்லச் சொல்ல இவங்க காளான்ல செஞ்சி பாத்ததுதானாம் அந்த சூப்பு, பதினோரு வருஷமும் ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டு 'வேணி வச்ச மாதிரி வரல ஆன்ட்டி'ன்னே சொல்லிட்டுப் போயிட்டாராம், அந்தக் கஞ்சிய எப்படித்தான் வைக்கறீங்கன்னு கேக்கறாங்க."